கண் விழித்தும் பேசாத கம்ப்யூட்டர்

சுரங்கம் மூடிய ஊரிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் தலைமுறையின் தோளில் இப்போது லேப்டாப். மூடியைத் திறந்ததும் வராத வை-ஃபை, வேலை நேரத்தைத் தின்கிறது. காரணம் என்ன, வழி என்ன?

கோலார் தங்க வயலின் கடைசி நிறுத்தமான மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் விடியற்காலை ரயில், சாம்பியன், உரிகம், பெமல் நகர், கோரமண்டல் என்று வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டைக்கு வந்து சேர்கிறது. அதற்குள் உட்கார இடம் பிடிப்பவர் அதிர்ஷ்டசாலி. இவர்களுக்குச் சோறு போடுவது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூர். கட்டட வேலை, காவல் வேலை, ஆஸ்பத்திரி வேலை என்று போகிறவர்களுக்கு நடுவே ஒயிட்ஃபீல்டில் இறங்கி மென்பொருள் வளாகங்களுக்குள் மறையும் இளைஞர்களும் உண்டு.

தாத்தாவுக்கு வேலை காலுக்குக் கீழேயே இருந்தது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால்பதித்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய தமிழர்கள் இங்கே பூமியைக் குடைந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் போனது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெளியே வந்த தங்கம் 800 டன்னைத் தாண்டும். 2001 பிப்ரவரி 28-ல் எல்லாம் முடிந்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவை மூட, ஊர் ரயிலேறத் தொடங்கியது.

இப்படிப் பயணத்திலேயே நாளின் கணிசமான பகுதியைக் கழிக்கிறவர்களுக்கு ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயமல்ல. பயணத்தில் லேப்டாப்பை மூடுவதும் திறப்பதும் பலமுறை நடக்கும். திறந்தவுடன் திரை பளிச்சென்று விழித்துக்கொள்கிறது. ஆனால் வை-ஃபை வருவதில்லை. 10 விநாடி, 20 விநாடி, சில நாளில் அதற்கும் மேல். உள்நுழைந்த நேரமே வருகைப் பதிவேடாக இருக்கும் வேலைகளில் இந்தத் தாமதம் ஊழியரின் கணக்கில்தான் எழுதப்படும். கருவியின் சோம்பலுக்கு மனிதர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூக்கத்தில் நடப்பது

பழைய பாணித் தூக்கத்தில் லேப்டாப்பின் நினைவகத்துக்கு மட்டுமே சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகிறது. மற்ற உறுப்புகளோடு வை-ஃபை அட்டையும் அணைக்கப்படுகிறது. எழுப்பும்போது திரையில் பழைய பக்கம் அப்படியே இருப்பதால், எல்லாம் தயார் என்று தோன்றுகிறது. உண்மையில் வை-ஃபை அட்டைக்கு அது புது நாள். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் முதலில் அட்டையைத் தட்டி எழுப்ப வேண்டும். பிறகு நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும்.

முதல் வாசல், தேடல். எந்த ரூட்டர் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடமாகப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் குறைவு. வேலை சீக்கிரம் முடியும். 5 கிகாஹெர்ட்ஸில் நிறைய. இந்தியாவில் 2018-ல் இந்த அலைவரிசையின் பெரும்பகுதி உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. வேகம் கூடியது, தேட வேண்டிய இடமும் கூடியது. இதில் ரேடார்களும் புழங்கும் தடங்களில் லேப்டாப் தானாகக் குரல் கொடுக்காது. ரூட்டர் விநாடிக்குச் சுமார் 10 முறை அனுப்பும் அறிவிப்புக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும். தடத்துக்குப் பத்தில் ஒரு விநாடி என்றாலும் எல்லாவற்றையும் சுற்றி வர விநாடிகள் கரைந்துவிடும்.

இரண்டாவது, கடவுச்சொல் சோதனை. ரூட்டரும் லேப்டாப்பும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு ஒருவரையொருவர் உறுதிசெய்யும். வீட்டில் இது கண்ணிமைக்கும் நேரம். ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி அடையாளம் கேட்கும் அலுவலகங்களில் எங்கோ இருக்கும் சர்வர் தலையசைக்க வேண்டும்.

மூன்றாவது, முகவரி. வலைப்பின்னலில் சேர்ந்த கருவிக்கு ஓர் ஐபி முகவரி வேண்டும். இங்கேதான் விசித்திரம் நடக்கிறது. விழித்த லேப்டாப், தூங்கும் முன் வைத்திருந்த முகவரியையே மறுபடி கேட்கும். பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் ஒரே மாதிரி முகவரி வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. ராபர்ட்சன்பேட்டை வீட்டில் வாங்கிய முகவரி, பெங்களூரில் நண்பர் அறையின் ரூட்டருக்கும் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் அந்த ரூட்டரின் ஏட்டில் இந்த லேப்டாப் இருக்காது. இத்தகைய நிலையில் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதே 1997-ல் வகுக்கப்பட்ட விதி. பதில் வராத லேப்டாப் சுமார் 4 விநாடி கழித்து மறுபடி கேட்கும். பிறகு 8, பிறகு 16. அலுத்த பிறகுதான் புதிய முகவரி கேட்கும்.

நான்காவது, வெளியுலகம் தெரிகிறதா என்ற பரிசோதனை. விண்டோஸ், ஆப்பிள், ஆண்ட்ராய்ட் எல்லாமே தமக்கென வைத்திருக்கும் ஒரு தளத்தைத் தட்டிப்பார்த்த பிறகே 'இணைப்பு உண்டு' என்று அறிவிக்கும். ரயில் நிலைய வை-ஃபையில் செல்பேசி எண் கேட்கும் பக்கம் குறுக்கே வந்தால் பயணம் அங்கே நிற்கும்.

நோய் எங்கே?

மருந்து எழுதும் முன் நாடி பார்க்க வேண்டும். லேப்டாப்பை எழுப்பி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திரையைக் கவனித்தால் போதும். வை-ஃபை பெயர்ப் பட்டியலே வரவில்லையென்றால் கோளாறு டிரைவரில் அல்லது தேடலில். பெயர் வந்து, 'இணைகிறது' என்று இழுத்தால் கடவுச்சொல் சோதனையில். இணைந்த பிறகும் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி தரவில்லை என்று பொருள். எல்லாம் சரியாக இருந்தும் அலுவலகப் பக்கம் மட்டும் திறக்காவிட்டால் வை-ஃபை குற்றவாளியல்ல. நிறுவனத்தின் விபிஎன் இன்னும் எழவில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில் செல்பேசி உடனே இணைகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. அது இணைந்தால் சந்தேகம் லேப்டாப்பின் பக்கம் சாய்கிறது. அதுவும் திணறினால் ரூட்டரின் பக்கம்.

தேடலில் சிக்கல் என்றால் லேப்டாப் தயாரிப்பாளர் தரும் புதிய டிரைவரைப் போடுவது முதல் வேலை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வை-ஃபை அட்டையின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதி இருந்தால், மின்சாரம் சேமிக்க அட்டையை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். லினக்ஸிலும் வை-ஃபையின் மின்சேமிப்பை நிறுத்த முடியும். என்றோ போன விடுதி, மறந்துபோன காபிக்கடை என்று நினைவில் குவிந்திருக்கும் பழைய வை-ஃபை பெயர்களை அழிப்பதும் நல்லது. வீட்டு ரூட்டரின் பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் பலர். அதனால் பாதுகாப்பு கூடுவதில்லை. லேப்டாப் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடும் வேலைதான் கூடுகிறது.

ரூட்டரிலும் ஒரு மாற்றம் பலன் தரும். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார் புழங்காத 36 முதல் 48 வரையிலான தடங்களில் ஒன்றை நிரந்தரமாகத் தேர்ந்தெடுக்கலாம். ரேடார் தடத்தில் ஓடும் ரூட்டர், மின்வெட்டுக்குப் பின் எழும்போது வழக்கமாக 1 நிமிடம் மௌனமாகக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும்.

மின்சாரம் என்றதும் தங்க வயலுக்கு ஒரு பெருமை உண்டு. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது இந்த ஊருக்குத்தான். பெங்களூர் வீதிகளில் விளக்கு எரிந்தது 1905-ல். முன்னே வெளிச்சம் கண்ட ஊர் இப்போது பின்னே வந்த ஊரை நோக்கி ஓடுகிறது.

தூங்கும் செல்பேசி

ரயிலில் வேலை பார்ப்பவர்களின் துணை, செல்பேசி ஹாட்ஸ்பாட். இங்கே தூங்குவது ஒருவரல்ல, இருவர். லேப்டாப்பை மூடியதும், இனி யாரும் இல்லை என்று கருதும் செல்பேசி சிறிது நேரத்தில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும். மறுபடி திறக்கும் லேப்டாப் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் 'தானாக அணைந்துபோகும்' அமைப்பை நிறுத்திவைக்கலாம். ஐஃபோனில் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பை எழுப்புவது எளிது. பேட்டரியைப் பற்றிக் கவலை இருந்தால் யுஎஸ்பி கம்பி வழியாக இணைப்பது மேல்: செல்பேசிக்குக் கொஞ்சம் மின்சாரமும் கிடைக்கும், தேடும் படலமும் இல்லை.

பொறியாளர்களும் சும்மா இருக்கவில்லை. நெரிசலான இடங்களில் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் வை-ஃபையில் சேரும் நிலையை மனதில் கொண்டு, 2016-ல் 802.11ஏஐ என்ற தரம் வெளியானது. வாசல்களை ஒன்றாக்கி, பத்தில் ஒரு விநாடிக்குள் இணைப்பை முடிப்பது அதன் நோக்கம். 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த, வை-ஃபையை விழிக்க வைத்தபடியே தூங்கும் முறை இன்னொரு முயற்சி. விலையும் உண்டு: பைக்குள் இருக்கும்போதே பேட்டரி குறைந்துபோகலாம்.

மிஞ்சுவது ஒரு நடைமுறைச் சிக்கல். நிறுவனம் கொடுத்த லேப்டாப்பில் டிரைவரை மாற்றவோ அமைப்பைத் தொடவோ ஊழியருக்கு அனுமதி இருப்பதில்லை. ஆகவே குற்றச்சாட்டைக் கணக்கோடு வைப்பதே வழி. எந்த வாசலில் எத்தனை விநாடி நின்றது என்று ஒரு வாரம் குறித்து வைக்கலாம். விண்டோஸே கடந்த 3 நாள் வை-ஃபை வரலாற்றை அறிக்கையாகத் தரும். தொழில்நுட்பப் பிரிவினரிடம் அதை எடுத்துக் கேட்கச் சொல்லலாம். 'நெட் ஸ்லோ' என்ற புகாருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்பதுதான். 'முகவரி கிடைக்க 14 விநாடி ஆகிறது' என்ற புகாரை அப்படித் தள்ளிவிட முடியாது. பதிவேட்டில் விழும் தாமதம் யாருடையது என்பதற்கும் அந்தத் தாளே சாட்சி.