முதுமலைக்குச் செல்லும் பிரயாணிகள் கவனத்திற்கு

மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலை முதுமலை வனத்தின் ஊடே போவதால், அச்சாலையில் பிரயாணம் செய்ய உரிமை பெற்றவர்கள், வழியில் வண்டியை நிறுத்தி இறங்கவும், மேய்ந்துகொண்டிருக்கும் யானையின் அருகே நின்று படம் பிடிக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். 1940-இல் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்ற இவ்வனத்தைப் பொதுச் சாலை வழியே கடந்து செல்ல எவரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சாலையை விட்டு உள்ளே புகுவதற்கோ 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி அவசியம். பிராணிகளைச் சீண்டுவதும் வனத்தில் குப்பை எறிவதும் அதே சட்டத்தின்படி குற்றங்கள்.

காட்டைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நேர்மையான வழி, தெப்பக்காட்டில் வனத்துறையினரிடம் சீட்டுப் பெற்று அவர்களுடைய வண்டியில் செல்வதுதான். அதில் புலி தென்படாமல் போகலாம். அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்க நியாயமில்லை. ஆனால் இருட்டிய பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு யானையும் சிறுத்தையும் காட்டுவதாக ஆசை வார்த்தை பேசும் தரகர்கள், தங்களுக்கு அதிகாரமில்லாத ஒன்றையே விற்கிறார்கள். குட்டியோடு நிற்கும் யானைக்கு எதிரே, விளக்கொளி கண்ணில் பாய, ஹாரனும் ஒலிக்க, பின்வாங்க இடமில்லாத குறுகிய பாதையில் அகப்பட்டுக்கொள்ளும் குடும்பத்தைக் காப்பாற்ற அந்தத் தரகரால் ஆகாது. சட்ட விரோதம் என்று தெரிந்தே ஏறியவர்கள் குற்றத்திலும் பங்காளிகளாகிறார்கள். பிற்பாடு நஷ்டஈடு கேட்க அவர்களுடைய வாய் எழும்புமா?

யானை சாலைக்கு வந்துவிட்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் அடிக்காமல், கதவைத் திறக்காமல், அது கடந்து போகும்வரை பொறுத்திருங்கள். தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்; காயம் சிறியதாயிற்றே என்ற அலட்சியம் பிராணாபத்தில் முடியக்கூடும். பந்திப்பூர் வழியாக வருகிறவர்கள், அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவான வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதை முன்கூட்டியே அறிந்து புறப்படுவது உத்தமம்.

இனி, ஏமாற்றப்பட்டவர்களுக்குரிய பரிகாரம். வனத்துறை அனுமதி பெற்றது என்று பொய் சொல்லிச் சீட்டு விற்றாலும், விளம்பரத்தில் காட்டிய அறையைத் தராமல் வேறொன்றைத் தந்தாலும், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகாருக்குரிய விஷயம். ஆகையால் ரசீது கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தையும் பணம் செலுத்திய அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், 2 வருஷங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம்; வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை, செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமும் கிடையாது.