கோடையைத் தாண்டுமா சைப்ரஸ் போன்சாய்? டெல்லி மாடிகளுக்கு ஏற்ற இனம் எது?

புதுடெல்லி: உத்தர சுவாமிமலை கோயிலும் டெல்லித் தமிழ்ச் சங்கமும் அமைந்துள்ள ஆர்.கே.புரம், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. பணியிட மாற்றம் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய குடும்பங்கள் தோட்டத்தில் நட்ட மரத்தைப் பெயர்த்துச் செல்ல முடியாது. தொட்டியில் வளர்த்த போன்சாய் மரத்தைக் கொண்டு செல்லலாம். நிமிர்ந்த தண்டும் அடர்ந்த பசுமையும் கொண்ட சைப்ரஸ் இதற்குப் பலரும் விரும்பும் மரமாக உள்ளது. எனினும், குளிர்காலத்தில் வாங்கப்படும் கன்றுகள் பல மே மாதத்தைத் தாண்டுவதில்லை. பராமரிப்பைக் குறை கூறும் முன், வாங்கியது எந்த இனம் என்பதைப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலத்தில் நர்சரிகளில் கண்ணைப் பறிப்பது பொன்னிற சைப்ரஸ். இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும். இதன் மூல இனமான மான்டரே சைப்ரஸின் தாயகம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கடல் மூடுபனி தவழும் குளிர்ந்த கடற்கரை. ஊட்டியில் அது செழித்து வளர்வதில் வியப்பில்லை. ஆர்.கே.புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சஃப்தர்ஜங் வானிலை நிலையத்திலோ, 2024 மே 29 அன்று 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. கான்கிரீட் மாடியில் வைத்த ஆழமற்ற தொட்டியில் வேர்கள் படும் பாடு இதைவிடக் கடுமையானது.

நைனிடால் மலைப்பகுதியில் இயற்கையாக வளரும் இமயமலை சைப்ரஸும் குளிர்ச்சியை விரும்பும் மரமே. ஜப்பானின் ஹோர்யூஜி பௌத்த ஆலயம் கட்டப் பயன்பட்ட ஹினோக்கி சைப்ரஸ், போன்சாய் கலையில் புகழ்பெற்றது. ஆனால் அது ஈரக்காற்றை நாடுவதால், 'லூ' எனப்படும் வறண்ட அனல்காற்றில் கருகிவிடும். தாஜ்மஹாலின் நீர்வழியை ஒட்டி நிற்கும் வகையான மத்தியதரைக் கடல் சைப்ரஸ் வெயிலை ஓரளவு தாங்கும். அதன் கிளைகள் தண்டோடு ஒட்டியே மேல்நோக்கி வளர்வதால், அவற்றை விரித்து வடிவமைப்பதுதான் கடினம்.

சமவெளிக்கு ஏற்றது, டெல்லிப் பூங்காக்களில் வேலியாகவே வளர்க்கப்படும் 'மோர்பங்கி'. மயில்தோகை போல் செங்குத்தான விசிறிகளாக இலை விடும் இது, அசல் சைப்ரஸ் அன்று. அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. வெயில், குளிர், கவாத்து ஆகிய மூன்றையும் தாங்கும். தண்ணீரை விரும்பும் மரம் வேண்டுமெனில், அமெரிக்கத் தென்கிழக்குச் சதுப்புநிலங்களைச் சேர்ந்த சதுப்பு சைப்ரஸ் உண்டு. அதன் தொட்டியைக் கோடையில் நீர்த்தட்டில் வைத்தாலும் வேர் அழுகுவதில்லை.

மற்ற இனங்களுக்கு நீர் தேங்குவதே முதல் எதிரி. கரடுமுரடான மணல், உடைத்த செங்கல் துகள், இலைமட்கு ஆகியவற்றைக் கலந்து, நீர் உடனே வடியும்படி மண்ணை அமைக்க வேண்டும். தொட்டி மாற்ற ஏற்ற காலம், புதிய தளிர் வெடிக்கும் முன்பான பிப்ரவரி. அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரை வெட்டக் கூடாது. அதே நாளில் கிளைகளையும் கடுமையாகக் கவாத்து செய்யும் ஆவலை அடக்கிக்கொள்வது நல்லது.

கவாத்தில் தொடக்கநிலையினர் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. ஆலும் அத்தியும் மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். சைப்ரஸ் குடும்ப மரங்களோ, பசுமை இல்லாத பழுப்புக் கிளையிலிருந்து பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. எனவே, வெட்டிய இடத்துக்குக் கீழே சிறிதளவு பசுமையாவது எஞ்சியிருக்க வேண்டும். வளைப்பதற்காகச் சுற்றிய அலுமினியக் கம்பியை, பட்டையில் பதியும் முன்பே அகற்றிவிட வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிற்பகல் வெயிலை மறைக்கும் நிழல்வலை அவசியம். தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மீது உயர்த்தி வைக்கலாம். வறண்ட வெப்பத்தில் பெருகும் செஞ்சிலந்திகளைக் கண்டறிய, கிளையின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் போதும். புள்ளிகள் நகர்ந்தால் இலைகளின் அடிப்புறம் வரை தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஏசி அறையின் மேசை, இம்மரங்களுக்கு நிரந்தர இடமாகாது.

சைப்ரஸ் வாடிக் காட்டுவதில்லை. வெட்டிய கிளைகூட வாரக்கணக்கில் பச்சையாகவே தெரிவதுபோல, வேர் செத்த மரமும் நெடுநாள் உயிருள்ளதாகவே தோன்றும். இலை பழுப்பாகும்போது நிலைமை பெரும்பாலும் கைமீறியிருக்கும். ஆகவே, மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றுவதே நம்பகமான வழி.

சதுப்பு சைப்ரஸில் இதற்கு நேர்மாறான குழப்பம் ஏற்படும். குளிர்காலத்தில் அது இலைகளை முற்றிலும் உதிர்ப்பதால், செத்துவிட்டதாகக் கருதி அதைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் மார்ச் மாதம் வரை காத்திருக்கலாம்.