பட்டை ரம்பத்துக்குப் பாதுகாப்பான மின் இணைப்பு

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரங்களில் வேம்பு, சீமைக் கருவேல் மரங்களை அறுக்கப் பட்டை ரம்பம் வாங்கும் உழவர்கள் உப்புக் காற்றை மறந்துவிடலாகாது. அது கம்பி முனைகளையும் திருகுகளையும் அரித்து இணைப்பைத் தளர்த்தும். மின்கம்பி தளர்ந்தால் சூடேறும், மோட்டார் முனகும். ஆனால் எர்த் எனப்படும் நில இணைப்பு அறுந்தால் ரம்பம் வழக்கம்போல் ஓடும். பின்னர் மின்கசிவு ஏற்படும் நாளில், இரும்பு மேசையைத் தொடுபவரின் உடலே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைப்புத் தாருங்கள். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் ரம்பத்தை ஓட்டுவது, மின்சாரச் சட்டம் 2003-இன்படி முறைகேடான பயன்பாடாகும்.

2. மும்முனை மோட்டாரின் உலோகக் கூட்டுக்குத் தனித்தனியாக 2 நில இணைப்புகள் தேவை. ரம்பத்தின் இரும்புச் சட்டத்தையும் அவற்றோடு இணைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவற்றைச் சோதிக்கச் செய்யுங்கள்.

3. 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. பொருத்துங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பொத்தான் அக்கருவியை மட்டுமே சோதிக்கும். நில இணைப்பைச் சோதிக்காது.

4. மின்தடை நீங்கியதும் ரம்பம் தானே ஓடத் தொடங்கினால் விரல் போய்விடும். ஆகவே நோவோல்ட் காயிலும் ஓவர்லோடு ரிலேயும் உள்ள ஸ்டார்ட்டர் வழியாகவே இணையுங்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டில் குறித்துள்ள ஆம்பியருக்கு ரிலேயை அமைக்க வேண்டும்.

5. முதலில் பட்டையைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். மேசையருகே பற்கள் கீழ்நோக்கிச் செல்லுமாறு சக்கரம் சுழல வேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால், மெயின் சுவிட்சை அணைத்தபின் மும்முனைக் கம்பிகளுள் ஏதேனும் இரண்டை இடம் மாற்றி இணைக்கச் சொல்லுங்கள்.

பட்டை மாற்றும்போதெல்லாம் மெயின் சுவிட்சை அணைப்பது இன்றியமையாதது.