சிறுவர் யோகா வகுப்பு

சிறுவர் யோகா வகுப்பு என்பது ஏறத்தாழ மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு அவர்களுடைய உடல் வளர்ச்சிக்கும் கவனத் திறனுக்கும் ஏற்றவாறு ஆசனம், மூச்சுப் பழக்கம், ஓய்வு ஆகியவற்றைக் கற்பிக்கும் வகுப்பாகும். பெரியவர்களுக்கான வகுப்பின் நேரத்தை மட்டும் குறைத்து நடத்துவது சிறுவர் யோகா ஆகாது. எதைக் கற்பிப்பது, எதைக் கற்பிக்காமல் விடுவது, எவ்வளவு நேரம் செய்யவைப்பது ஆகிய மூன்றும் குழந்தைகளுக்கு வேறுபடுகின்றன.

பின்னணி

1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் தி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) நடத்திய யோகசாலையில் பயின்றவர்களில் பலர் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். ஆசனங்களை மூச்சோடு இணைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செய்யும் முறை அங்கு கற்பிக்கப்பட்டது. பின்னர் சென்னையில் குடியேறிய அவர், பயிற்சி பெறுபவரின் வயது, உடல்நிலை, தேவை ஆகியவற்றுக்கேற்ப யோகா மாற வேண்டும் என்பதை வலியுறுத்தினார். இன்றைய சிறுவர் வகுப்புகளின் அடிப்படையும் இதுவே.

குழந்தையின் உடல்

குழந்தையின் உடல் எளிதாக வளைவதால் எந்த ஆசனமும் அதற்குப் பாதுகாப்பானது என்று கருதுவது தவறாகும். நீண்ட எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. எலும்பு நீளமாக வளர்வது இப்பகுதியில்தான். பதின்ம வயதில்தான் இது முழு எலும்பாக மாறுகிறது. அதுவரை இது மூட்டுகளைப் பிணைக்கும் நார்களைவிட வலுக்குறைந்தது. ஆகவே வலிந்து வளைப்பதும் மேலிருந்து அழுத்துவதும் இப்பகுதியைப் பாதிக்கக்கூடும்.

உடல் விகிதமும் வேறுபடுகிறது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்கு மட்டுமே. சிறு வயதில் தலை பெரிதாகவும் கழுத்துத் தசைகள் வலுக்குறைந்தும் இருப்பதால், சிரசாசனம், சர்வாங்காசனம் போன்றவற்றைப் பல ஆசிரியர்கள் சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதில்லை. குழந்தைகள் இயல்பாகவே பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால், மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகளும் தவிர்க்கப்படுகின்றன.

வயதுக்கேற்ற அமைப்பு

3 முதல் 5 வயது: 15 முதல் 20 நிமிடம் போதுமானது. ஒரு கதையைச் சொல்லி, அதில் வரும் மரம், பூனை, பாம்பு, தவளை ஆகியவற்றைப் போல் குழந்தைகளைச் செய்யவைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் இருந்தால் போதும். நிலை சரியாக அமைகிறதா என்பது இவ்வயதில் முக்கியமல்ல.

6 முதல் 8 வயது: 30 நிமிடம் வரை நடத்தலாம். விருட்சாசனம், புஜங்காசனம், பத்தகோணாசனம் போன்ற எளிய ஆசனங்களைப் பெயருடன் அறிமுகப்படுத்தலாம். ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலை விளையாட்டுகள் இவ்வயதினருக்குப் பிடித்தமானவை.

9 முதல் 12 வயது: 40 நிமிடம் வரை கவனம் நிலைக்கும். சூரிய நமஸ்காரத்தைப் படிப்படியாகக் கற்பிக்கலாம். வண்டு போல் ரீங்கரிக்கும் பிராமரி போன்ற மென்மையான மூச்சுப் பயிற்சிகளும் பொருந்தும்.

வகுப்பின் போக்கு

வகுப்பு பொதுவாகக் கைகால்களை உதறும் விளையாட்டில் தொடங்கி, ஆசனங்களுக்குச் சென்று, ஓய்வில் முடிகிறது. "அசையாமல் படு" என்று அதட்டுவதால் சிறு குழந்தை அமைதியடையாது. மல்லாந்து படுத்த குழந்தையின் வயிற்றில் ஒரு சிறு பொம்மையை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொன்னால் மூச்சு தானாகவே சீராகும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தே வகுப்பை நடத்த வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

அதிக ஆசனங்கள், அதிக நேரம் என்ற கணக்கில் நடத்தப்படும் சாதனை நிகழ்ச்சிகளும் போட்டிகளும் பல ஊர்களில் பரவியுள்ளன. மேடையில் நிற்கும் குழந்தை, வலித்தாலும் சொல்லத் தயங்கும். பெற்றோரின் பெருமிதமும் பார்ப்போரின் கைதட்டலும் அத்தயக்கத்தைக் கூட்டுகின்றன. வலித்தால் உடனே நிறுத்தலாம் என்பதே குழந்தைக்கு முதலில் கற்பிக்க வேண்டிய பாடமாகும்.

சில குழந்தைகளுக்குத் தனிக் கவனம் தேவை. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். தலைகீழ் நிலைகளும் கழுத்தை அழுத்தும் நிலைகளும் அவர்களுக்கு ஆபத்தானவை. வலிப்பு நோயின் சில வகைகளில் வேகமான மூச்சுப் பயிற்சி வலிப்பைத் தூண்டக்கூடும். இவர்களை வகுப்பில் சேர்க்குமுன் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

பயன்களும் எல்லைகளும்

உடல் சமநிலை, வளையும் தன்மை, தன் மூச்சைக் கவனிக்கும் பழக்கம் ஆகியவை முறையான பயிற்சியால் மேம்படுகின்றன. பதற்றம் குறைதல், கவனம் கூடுதல் பற்றிய ஆய்வுகள் நம்பிக்கையளித்தாலும், அவற்றில் பல குறைந்த எண்ணிக்கையிலான குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. எனவே யோகாவை மருத்துவத்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. ஓடியாடும் விளையாட்டுக்கும் அது மாற்றாகாது. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மென்மையான யோகா வகுப்பு ஒன்றே இதை நிறைவு செய்யாது.

பள்ளிகளில் யோகா

ஐக்கிய நாடுகள் அவை 2014-இல் சூன் 21-ஐப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தபின் பள்ளிகளில் யோகா மேலும் பரவியது. ஆனால் அதைக் கட்டாயமாக்குவது விவாதத்துக்குரியது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை யோகாவைக் கட்டாயமாக்கக் கோரிய மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் ஏற்கவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1993 முதல் அரசுப் பள்ளிகளில் இருந்த தடை 2021-இல் நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர் எத்தனை ஆசனங்கள் கற்பிக்கிறார் என்பதைவிட, குழந்தை மறுக்கும்போது என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பது நல்லது. கையால் அழுத்தித் திருத்தாமல் செய்து காட்டுபவரும், தொடுமுன் குழந்தையிடம் கேட்பவரும், பெற்றோர் உடனிருந்து பார்க்க இசைபவரும் நம்பத்தக்கவர். அடுத்த வகுப்புக்குக் குழந்தை விரும்பி வருவதே அந்த வகுப்பு நல்லபடி நடக்கிறது என்பதற்கு எளிய அடையாளம்.