பேராதனைக்குப் போகும் பாதை

இன்று நாம் இலங்கையின் மலைநாட்டுக்குப் போகப் போகிறோம். நாம் காண இருக்கும் ஊர் பேராதனை. கண்டி நகருக்கு ஆறு கிலோமீட்டர் இப்பால், மகாவலி கங்கையின் வளைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக ஊர்தான்; ஆனால் பால்மரம் சீவிப் பிழைத்த நமக்கும் அந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கொழும்பிலிருந்து கண்டிச் சாலையில் புறப்பட்டால், கம்பகா என்னும் ஊர்ப்பக்கம் வருகிறது. அங்கே ஹெனரத்கொடை என்று ஒரு பூங்கா. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே கியூ பூங்காவில் முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. பேராதனைப் பூங்காவோ மேட்டு நிலம். ரப்பருக்கு வேண்டியது வெப்பமும் தாழ்நிலமும். ஆகவே கன்றுகளை ஹெனரத்கொடையில் நட்டார்கள். மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் வேரூன்றின. நம் பாட்டன்மார் விடியலில் கத்தியும் வாளியுமாகப் போய் நின்ற நிரைகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சாலை கடுகண்ணாவை மலையில் ஏறுகிறது. கண்டி அரசு 1815-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், 1820-களில் போட்ட பாதை இது. பாறையைக் குடைந்த பழைய வழி இன்றும் அருகில் நிற்கிறது. பாதையமைத்த டாசன் என்னும் பொறியாளருக்கு 1832-இல் உயரமான கோபுரம் எழுப்பினார்கள். பாறையை உடைத்த கைகளுக்கு அங்கே கோபுரம் எதையும் நாம் காணவில்லை.

மலை ஏறி இறங்கினால் பேராதனை. 1821-இல் தொடங்கிய தாவரப் பூங்காவை மூன்று பக்கம் மகாவலி சுற்றி ஓடுகிறது. வரிசையாக நிற்கும் அரச பனைகளைப் பார்க்கக் கண் போதாது. 1869-இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் தலைகாட்டிற்று. பின்பு அத்தோட்டங்கள் பாழாயின. அதற்கு முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

இனிப் பல்கலைக்கழகம். 1942-இல் கொழும்பில் பிறந்தது. 1952-இல் இங்கே குடிவந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். கண்டிக் கட்டடக் கலையின் சாயலில் ஓட்டுக் கூரைகள், கல்தூண்கள், பின்னால் அந்தானை மலை. இந்த நிலமே முன்பு தோட்டமாக இருந்ததுதான்! இங்கே பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரிடம் கொண்டுவந்தார். 1962-இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கு படித்தவர்களே. குன்றின்மேல் குறிஞ்சிக் குமரன் கோயிலும் இருக்கிறது.

ஆனால் சுற்றியிருந்த மலைகளின் லயங்களிலிருந்து இவ்வாசலுக்கு வருவது நெடுங்காலம் எளிதாக இல்லை. 1945-இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளோ அதற்கு வெளியே கிடந்தன. பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்துவிடும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1970-களில்தான் அரசு அப்பள்ளிகளை ஏற்கத் தொடங்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தது. எழுத்தறிவில்லாத தாய் தன் மகனை அனுப்பிவைக்க, பள்ளிக்கூடம் ஒன்று முதலில் வேண்டுமல்லவா?

இப்போது அப்பிள்ளைகளும் இங்கே பயில்கிறார்கள். பேராதனைச் சந்தியில் இரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கண்டிக்கு, மற்றது அட்டன், தலவாக்கலை வழியாகப் பதுளைக்கு. தேயிலை மலையிலிருந்து இரயிலில் வரும் மாணவர் பெட்டியோடு இறங்குவது அந்தச் சந்தியில்தான்.