பக்கத்து வீட்டு அடிபம்பு

குளத்துத் தண்ணீரைக் குடித்து வங்கதேசக் குழந்தைகள் காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பலியாகிக்கொண்டிருந்தார்கள். 1970களில் யுனிசெஃபும் அந்நாட்டு அரசும் அதற்கு ஒரு வழி கண்டன: ஊருக்கு ஊர் அடிபம்பு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய இளகிய வண்டல் மண் என்பதால் போர் போடுவது சுலபம், செலவும் குறைவு. போகப்போக மக்களே சொந்தக் காசில் வீட்டு முற்றத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடி அடிபம்புகள் வந்துவிட்டன. தண்ணீரில் கிருமி இல்லை என்பதுதான் எல்லோருக்கும் நிம்மதி. ஆர்சனிக் என்னும் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம்தான் முதல் அறிகுறி தெரிந்தது. 1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமத்தவர்கள் சிலர் வந்தார்கள். நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலப் புள்ளிகள். உள்ளங்கையும் பாதமும் தடித்துக் காய்த்திருந்தன. காரணம் குடிநீரில் இருந்த ஆர்சனிக் என்று அவர் கண்டார். பின்னர் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியலாளர் திபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் தண்ணீரோடு மக்களின் முடியையும் நகத்தையும் சேகரித்துச் சோதித்தார். எழுதினார், கூட்டம் போட்டார், பலமுறை எச்சரித்தார். கேட்க வேண்டியவர்கள் காதில் அது விழ நெடுநாள் ஆனது.

வங்கதேச அரசு தன் மண்ணில் ஆர்சனிக்கை முதன்முதலாகக் கண்டது 1993இல், சாபாய் நவாப்கஞ்சில். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் அந்நாட்டுக் கிணற்று நீரில் பல தனிமங்களை அளந்து அறிக்கை கொடுத்திருந்தது. ஆர்சனிக் அந்தப் பட்டியலில் இல்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் இதற்காக லண்டன்வரை போய் வழக்காடினார். அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2006இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆய்வகம் 1998-99இல் மறுபடி வந்து, இம்முறை ஆர்சனிக்கையே தேடி, 3,534 குழாய்க் கிணறுகளைச் சோதித்தது. ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் வங்கதேசம் அனுமதிக்கும் அளவான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. அப்படிப்பட்ட தண்ணீரைக் குடிப்போர் ஏறத்தாழ 3.5 கோடிப் பேர் என்று கணக்கிட்டார்கள். வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டு நஞ்சூட்டல் இது என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்மித் 2000இல் எழுதினார்.

இத்தனைக்கும் இதில் எந்தத் தொழிற்சாலையின் கழிவும் இல்லை. நஞ்சு மண்ணுக்குள்ளேயே இருந்தது. அது எப்படி நீருக்கு வந்தது என்பதில்தான் சண்டை. பாசனத்துக்கு நீரை உறிஞ்சுவதால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, உள்ளே காற்றுப் புகுந்து, பைரைட் கனிமம் சிதைந்து ஆர்சனிக் வெளியேறுகிறது என்றது ஒரு தரப்பு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி, டாக்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998இல் ‘நேச்சர்’ இதழில் நேர் எதிராகச் சொன்னார்கள். காற்று புகுவதல்ல, காற்று இல்லாததே காரணம். இமயமலையிலிருந்து வந்த மணல் துகள்களின் மேல் இரும்புத் துரு படிந்திருக்கிறது. ஆர்சனிக் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாவரக் குப்பை மக்கும் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் துருவில் உள்ள இரும்பைக் கொண்டு சுவாசிக்கின்றன. துரு கரைகிறது, ஆர்சனிக் நீரில் கலக்கிறது. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான்.

ஆற்றுப் படுகை ஒரே சீராக இருப்பதில்லை; மணலும் களிமண்ணும் மாறிமாறி வரும். ஆகவே ஒரு முற்றத்துப் பம்பு நஞ்சைக் கொட்ட, சில அடி தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டுப் பம்பில் நல்ல தண்ணீர் வரலாம். டாக்காவுக்குக் கிழக்கே அராய்ஹஜாரில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் சுமார் 6,000 பம்புகளைச் சோதித்தார்கள். பாதிக்குப் பாதி மோசம். ஆனால் மக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு 100 மீட்டருக்குள் நல்ல பம்பு ஒன்று இருந்தது! வடிகட்டி வேண்டாம், மருந்து வேண்டாம். எந்தப் பம்பு எது என்று தெரிந்தால் போதும். நாடு முழுக்க 2003க்குள் ஏறத்தாழ 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். சுமார் 14 லட்சம் பம்புகள் சிவப்பாயின.

வேதியியலின் வேலை இதோடு முடிந்தது; மிச்சம் மனிதர்கள் பாடு. அராய்ஹஜாரில் கெட்ட பம்பு வைத்திருந்தவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் வேறு பம்புக்கு மாறினார்கள். ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பேசிய ஊர் அது. நாட்டளவில் மாறியவர்கள் அதில் ஏறத்தாழ பாதிதான். நல்ல பம்பு இன்னொருவர் முற்றத்தில் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போக வேண்டியவள் பெண். நாளுக்குப் பலமுறை அடுத்தவர் வாசலில் குடத்தோடு நிற்க வேண்டும், அவர்கள் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். மாறியவர்களுக்கும் வேறொரு ஆபத்து காத்திருந்தது. தூரத்திலிருந்து கொண்டுவந்து வீட்டில் சேமித்த தண்ணீரிலும் குளத்து நீரிலும் கிருமி சேரும். முற்றத்துப் பம்பைக் கைவிட்ட குடும்பங்களில் குழந்தை இறப்பு கூடியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதற்காகப் பழைய பம்புக்கே திரும்பவும் முடியாது. ‘லான்செட்’ 2010இல் வெளியிட்ட அராய்ஹஜார் ஆய்வு, ஏறத்தாழ 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, அங்கு நேர்ந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு ஆர்சனிக்கே காரணம் என்று கணக்கிட்டது.

புதிய பம்பை நல்ல நீர் வரும் ஆழத்தில் போடலாமே என்றால், பட்டம் பெறாத நிபுணர்களும் இதில் உண்டு. வங்கதேசத்தில் போர் போடுபவர் மூங்கில் சாரத்தில் உட்கார்ந்து, குழாயின் வாயைக் கையாலேயே மூடித் திறப்பார். மண் குழம்பாக மேலே வரும். எந்த ஆழத்தில் என்ன நிறம் என்பது அவருக்கு அத்துப்படி. ஸ்வீடனின் கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மத்லப் பகுதியில் இவர்களோடு வேலை செய்து பார்த்தார்கள். சாம்பல் நிறமும் கறுப்பும் கலந்த மணலில் ஆர்சனிக் அதிகம், செம்மணலில் குறைவு. துரு இன்னும் கரையாமல் இருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்பே சாட்சி.

இன்னொரு வழி, மிக ஆழமாகப் போவது: 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் நல்ல நீர். அரசு அந்த ஆழத்துக்குப் பொதுக் குழாய்களை இறக்கியது. எங்கே இறக்கியது என்று கொலம்பியாக் குழு அராய்ஹஜாரில் அளந்து பார்த்தபோது, அவை தேவைப்பட்ட இடங்களில் பரவாமல் சில இடங்களிலேயே குவிந்திருந்தன. செல்வாக்குள்ளவர் வளவுக்குள் போன குழாயைப் பொதுக் குழாய் என்பது பெயருக்குத்தான். இதற்கிடையே, 2003க்குப் பிறகு மக்கள் போட்ட லட்சக்கணக்கான புதிய பம்புகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படவே இல்லை. ஒரு பம்பைச் சோதிக்க ஆகும் செலவு சில டாலர். ஆழ்குழாய்க்கு அதைப்போல நூறு மடங்குக்கு மேல். புதிய பம்பு எதுவானாலும் போட்ட அன்றே சோதிக்க ஊருக்கு ஓர் ஆளை நியமித்திருந்தால், ஆழ்குழாய்களுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு சிறு பங்கே இன்னும் அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கும்.