சிறிய ஓடுபாதையில் இறங்கிய பெரிய விமானம்

2012-ஆம் ஆண்டு ஜூலை 20. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள தம்பா நகரில் நண்பகல் கடந்த நேரம். டேவிஸ் தீவுகளில் இருக்கும் பீட்டர் ஓ. நைட் விமான நிலையம் சிறிய தனியார் விமானங்கள் மட்டுமே வந்து போகும் இடம். அன்று அங்கே யாரும் எதிர்பாராத ஒன்று தரையிறங்கியது. அது அமெரிக்க விமானப் படையின் சி-17 ரகப் போக்குவரத்து விமானம். அதன் நீளம் 53 மீட்டர். நான்கு இயந்திரங்கள். விமானத்தில் 42 பேர் இருந்தனர். அமெரிக்க இராணுவத்தின் உயர் தளபதிகளில் ஒருவரான ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸும் அவர்களுள் ஒருவர்.

அது போய்ச் சேர வேண்டிய இடம் மெக்டில் விமானப்படைத் தளம். சில கிலோமீட்டர் தென்மேற்கில் உள்ள அந்தத் தளத்தின் ஓடுபாதை 3,400 மீட்டருக்கும் மேல் நீளமானது. விமானம் இறங்கிய ஓடுபாதையோ 1,100 மீட்டர்கூட இல்லை. பாதை முடியும் இடத்திற்கு அருகில் விமானம் நின்றது. யாருக்கும் காயமில்லை.

எப்படி நின்றது?

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்போம். இறங்கும் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 36 விழுக்காடு குறைந்துவிடும். ஆகவே, குறுகிய பாதையில் நிற்க வேண்டுமானால் முதலில் மெதுவாக இறங்க வேண்டும்.

சி-17 விமானத்தில் இயந்திரங்கள் வெளியேற்றும் காற்று, இறக்கையின் பின்புறம் கீழ்நோக்கி விரியும் பெரிய மடிப்புத் தகடுகளின் மீது பாய்கிறது. இதனால் கூடுதல் தூக்குவிசை கிடைப்பதால், குறைந்த வேகத்திலும் விமானம் காற்றில் நிலைத்திருக்கிறது. தரையைத் தொட்டதும் இயந்திரங்களின் உந்துவிசை முன்பக்கமாகவும் மேற்பக்கமாகவும் திருப்பப்படும். மேல்நோக்கித் திருப்புவதால் தூசியும் கற்களும் குறைவாகவே கிளம்பும். எடையைத் தாங்க 14 சக்கரங்கள் உள்ளன. சுமார் 1,070 மீட்டர் ஓடுபாதையிலும் இறங்கும்படியாகவே இந்த ரகம் உருவாக்கப்பட்டது. அந்த வடிவமைப்புதான் அன்று 42 பேரையும் காப்பாற்றியது.

ஏன் தவறியது?

ஓடுபாதை எண் என்பது அது நோக்கும் காந்தத் திசையின் சுருக்கம். 220 பாகை என்றால் 22. அதன் எதிர்முனை 40 பாகை, எனவே 04. தம்பாவில் அப்போது இரு ஓடுபாதைகளுக்கும் ஒரே எண்கள் இருந்தன. இரண்டும் நீர்ப்பரப்பை ஒட்டியவை. வடகிழக்கிலிருந்து வருபவர்களுக்குச் சிறிய நிலையமே முதலில் கண்ணில் படும். விமானிகளோ நீண்ட பயணத்தால் களைத்திருந்தனர். ஓடுபாதை வரும் என்று எதிர்பார்த்த திசையில் ஓர் ஓடுபாதை தெரிந்தது; அதுதான் என்று நம்பிவிட்டார்கள். அதன் நீளத்தையும் அகலத்தையும் சரிபார்க்கவில்லை. களைப்பையும் மனிதத் தவற்றையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

சுமையைக் குறைத்த பிறகு, அன்று மாலையே அதே குறுகிய பாதையிலிருந்து அந்த விமானம் பத்திரமாகக் கிளம்பியது.

நமக்கு அருகில்

குறுகிய பாதையில் இறங்கும் திறன் போருக்கு மட்டும் பயன்படுவதில்லை. 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் பாலு நகரை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, அங்குள்ள ஓடுபாதையும் விரிசல் கண்டது. அத்தகைய நிலையிலும் உதவிப் பொருள்களைக் கொண்டு சேர்த்தவை சி-130 போன்ற போக்குவரத்து விமானங்கள். சிங்கப்பூர் விமானப் படையும் தன் சி-130 விமானங்களை அனுப்பியது. மலேசிய விமானப் படையிடம் உள்ள நான்கு ஏ400எம் விமானங்களும் குறுகிய, கரடுமுரடான பாதைகளில் இறங்கக்கூடியவையே.

வானூர்தித் துறையில் கால்பதிக்க விரும்பும் மாணவர்கள் தம்பா நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பொறியாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கணக்கு சரியாக இருந்ததால், விமானிகளின் ஒரு நிமிடக் கவனக்குறைவு விபத்தாக மாறவில்லை. ஆனால் எல்லா விமானமும் சி-17 அல்ல. கண்ணில் பட்டது நாம் தேடியதுதானா என்று இன்னொரு முறை பார்ப்பதும் விமானியின் வேலைதான்.